ஏரிக்குப் போகாத மண்

கம்பெனிக்காரர்கள் நீட்டிய இளநீரை அந்த அம்மா வாங்கவில்லை. டியூட்டியில் எதுவும் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். திம்மப்பனுக்கு அப்போதே பாதி வழக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

உத்தனப்பள்ளி பக்கம், மேட்டில் புதிதாக எழும்பும் கம்பெனிக்குக் கீழேதான் திம்மப்பனுடைய ஒன்றரை ஏக்கர். மேட்டை ஜேசிபி வைத்து வழித்தார்களே தவிர, குவித்த மண் சரியாமலிருக்க ஒரு வலை போடவில்லை, சேறு தங்க ஓரத்தில் ஒரு குழி வெட்டவில்லை. ஐப்பசியில் மூன்று நாள் மழை. அத்தனை செம்மண்ணும் இறங்கி, காய்க்க ஆரம்பித்திருந்த தக்காளியைக் குச்சியோடு மூடிவிட்டது. அந்த நிலத்தை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

யானை வாயில் போன கரும்பு, விட்டுத் தொலை என்றாள் மனைவி பூவம்மாள். அவர் கேட்கவில்லை. மண் அரிப்பைத் தடுக்காமல் கட்டடம் கட்டினால் பெர்மிட்டே போய்விடும் என்று யாரோ சொல்ல, கிருஷ்ணகிரிக்கு ஒன்பது முறை பஸ் ஏறி மனு கொடுத்தார். ஒன்பதாவது மனுவுக்கு வந்தவர்தான் இந்த யுவஸ்ரீ மேடம்.

ஆபீசர் என்றால் இப்படி இருக்க வேண்டும். வலை எங்கே, குழி எங்கே என்று சைட் இன்ஜினியர் ராஜசேகரை அவர் உரித்தெடுத்த உரியில், அவன் ஆர்டர் போட்டிருக்கிறோம் மேடம் என்று தரையைப் பார்த்தான். திம்மப்பனுக்கு வயிறு குளிர்ந்தது. வேணும், அவனுக்கு நன்றாக வேணும்.

பிறகு மேடம் வயலில் நாலு இடத்தில் கம்பை இறக்கி மண்ணின் ஆழம் பார்த்தார். இரண்டடி, இரண்டரை அடி. செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவர், பார்த்தாலே தெரியாதா என்று இவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"கீழ ஏரி இருக்குதே, அதுக்கு இந்த மண்ணு போச்சா?"

திம்மப்பன் நெஞ்சு நிமிர்ந்தது. ஏரிக்கு மேலே நிலம் வைத்திருப்பவன் ஏரியில் மண் விழ விடக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. முதல் நாள் மழையிலேயே புருஷனும் பெண்டாட்டியுமாகக் சொட்டச் சொட்ட நனைந்து, கீழ்வரப்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்றியிருந்தார்கள். ஏற்றாமல் விட்டிருந்தால் சேறு வழிந்து ஓடியிருக்கும், பாதிச் செடியாவது பிழைத்திருக்கும்.

"ஒரு பிடி மண்ணு போகல மேடம். பயிரு போனா போகுதுன்னு நாங்களே வரப்ப ஏத்தித் தடுத்துட்டோம். ஊரு ஏரிங்க."

மேடம் வரப்பு வரைக்கும் நடந்து போய் ஏரியைப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நல்ல காரியம் செய்தீர்கள் ஐயா என்று மனசாரச் சொல்லிவிட்டு, நின்றபடியே நிறைய எழுதினார். திம்மப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதி முடித்து ராஜசேகரைக் கூப்பிட்டார். வலை போடாததற்கு ஒரு நோட்டீஸ் வரும், பதில் கொடுங்கள் என்றார். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை.

"அப்ப என் நிலம் மேடம்?"

மண் ஏரிக்கோ கால்வாய்க்கோ போயிருந்தால் இன்றைக்கே பெர்மிட்டை ரத்து செய்திருப்பேன் என்றார். பட்டா நிலத்தில் விழுந்த மண் மேடம் பார்க்கும் சட்டத்தில் வராதாம், கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமாம். அந்த அம்மா முகத்தில் கள்ளம் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். காசு வாங்கியவளாக இருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

 அப்படியானால் இப்போதே வரப்பை வெட்டி விடுகிறேன், வந்த மண் ஏரிக்கே போகட்டும் என்று திம்மப்பன் மண்வெட்டியை எடுத்தார்.

யுவஸ்ரீ பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்கய்யா, ஏரிக்கு மண்ணு போனா கேஸு உங்க மேலதான் விழும்."