ஒத்திகை

"இது எத்தனை விரல்?"

"தெரியல."

"இந்தச் சுவரு என்ன கலரு?"

"தெரியல."

"சபாஷ்! உள்ளேயும் இப்படியே சொல்லணும். சிரிச்சிடக் கூடாது, என்ன?" என்று அம்மா மகளின் கன்னத்தைக் கிள்ளினாள். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்லப் பழக்குகிறோமே என்று நினைத்தபோது அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

பார்வைப் பரிசோதனை மையத்தின் நடைகூடத்தில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தார்கள். உள்ளே கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

குழந்தைக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. "மருந்தும் இல்ல, ஆபரேஷனும் இல்லம்மா. எப்பன்னு சொல்ல முடியாது. ஆனா போயிடும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கண் இருக்கும்போதே பிரெய்ல் எழுத்துகள் விரலுக்குப் பழகிவிட்டால், இருட்டு வரும் நாளில் குழந்தைக்கு ஒரு பிடிமானமாவது இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"கண்ணு தெரியுற பிள்ளைக்குக் குருட்டுப் படிப்பா? முதல்ல உன் வாயைக் கழுவுடி!" என்று கணவன் கத்தினான். அதற்குப் பிறகு அவள் அவனிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவள் தையல் கூடத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள். பழைய துணியில் பொத்தான்களைப் புள்ளிகளாக வைத்துத் தைத்து, வீட்டிலேயே எழுத்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் கொண்டுபோய்க் காட்டியபோது, ஆசிரியை அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "யானைக்கா பாடம் நடத்தறீங்க? ஒரு எழுத்து முழுசும் ஒரு விரல் நுனிக்குள்ள அடங்கணும்மா. அதுக்குன்னு இருக்கிற பெட்டியை வாங்குங்க."

புள்ளி பழகும் கட்டை, துளைச் சட்டம், எழுத்தாணி, தடித்த தாள் எல்லாம் அடங்கிய அந்தப் பெட்டி எந்தக் கடையிலும் இல்லை. இந்த மையத்தில்தான் தருவார்கள், அதுவும் முழுப் பார்வையும் போன குழந்தைகளுக்கு மட்டும்.

ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடுதான் திரும்பினாள். "நிழல் தெரியுது, நிறம் தெரியுது. எல்லாம் போனப்புறம் கூட்டிட்டு வாங்க" என்பார் பரிசோதகர், சரக்கு தீர்ந்துவிட்டது நாளைக்கு வா என்று சொல்லும் கடைக்காரரைப் போல.

அதனால்தான் இந்த ஒத்திகை. "பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்று முதலில் குழந்தை மல்லுக்கு நின்றது. பிறகு சிரித்துச் சிரித்துக் கெடுத்தது. கெஞ்சியும் மிரட்டியும் ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

ஆனாலும் கோபம் போகவில்லை போலிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வரும் வண்டிகளின் நிறத்தையெல்லாம் கூவிக்கொண்டே வருகிற வாயாடி, இன்று அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உம்மென்றே வந்தது. போகட்டும், இந்த முகமே உள்ளே உதவும் என்று அவள் விட்டுவிட்டாள். அப்படி நினைத்ததற்கும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

பரிசோதகர் லேசுப்பட்டவர் இல்லை. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடித்து வெகுநேரம் பார்த்தார். பளபளக்கும் பொம்மை ஒன்றைச் சத்தமில்லாமல் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். பொம்மை ஒத்திகையில் இல்லாத விஷயம். குழந்தை அசையவில்லை.

"இங்க வா கண்ணு, மாமாகிட்ட வா" என்று அழைத்துக்கொண்டே, அவர் ஒரு ஸ்டூலை ஓசைப்படாமல் வழியில் நகர்த்தி வைத்தார்.

குழந்தை நேராகப் போய் அதில் மோதி விழுந்தது. முழங்காலில் ரத்தம் துளிர்த்தது. அம்மா ஓடிப்போய் வாரி எடுத்து முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். கூடவே, எமகாதகி, என்னையே மிஞ்சிவிட்டாளே என்று ஒரு வியப்பும் எழுந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஏமாத்துறவங்களும் வர்றாங்க" என்றார் பரிசோதகர். அவர் குரல் இறங்கியிருந்தது. "போன தடவை கொஞ்சமாவது இருந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல. மனசைத் தேத்திக்கோங்க."

அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் பொங்கிவிட்ட சந்தோஷத்தை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

பெட்டி கைக்கு வந்தது. வாசலைத் தாண்டி, தெருமுனை மரத்தடிக்கு வந்த பிறகுதான் அவள் நின்றாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள். பார்வை இருக்கிற நாட்களுக்குள் அத்தனை எழுத்தையும் விரலில் ஏற்றிவிடலாம். பயத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னமா நடிச்ச, குட்டி! அதுக்காக நிஜமாவே ஸ்டூல்ல போய் விழுவியா? அம்மாவுக்கு உயிரே போயிடுச்சு. போதும்டா தங்கம், இனிமே நடிக்கவே வேண்டாம்."

குழந்தை இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டது.

"காலையிலேருந்தே நான் நடிக்கலம்மா."