தண்டவாளம் இருந்த இடம்

சரக், சரக் என்று சரளைக்கல் மிதிபடும் சத்தம் கேட்டது. ஏரிக்கரையில் முன்பு ரயில் ஓடிய பாதையைக் கடந்துகொண்டிருந்த மரவட்டைச் சகோதரிகள் இருவரும் நின்றார்கள்.

"சுருண்டுக்கோடி. தலைக்கு மேலேயே போயிடும்," என்றாள் அக்கா.

"தண்டவாளத்தைத்தான் பிடுங்கிட்டாங்களே அக்கா! இது ரயில் இல்ல. வா, புல்லுக்குள்ள ஓடிரலாம்."

"அப்போ அம்மா சொன்னது பொய்யா? நடுவுல சுருண்டுகிட்டவ ஒருத்தியும் சாகல. ஓடினவதான் செத்தா. காலு நிறைய இருக்குன்னு உனக்குத் திமிரு."

தங்கை ஓடினாள். அக்கா அம்மா சொன்னபடியே அழகாகச் சுருண்டாள்.

செருப்பு அவள்மேல் இறங்கி, நிற்காமல் போனது.

"நடக்க என்ன சுகமான பாதை!" என்றார் செருப்புக்காரர், கூட வந்தவரிடம்.

புல்லுக்குள்ளிருந்து தங்கை வெகுநேரம் அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் கிடந்த மக்கிய இலையை ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கினாள்.