மொழிபெயர்ப்புக் கம்மல்

பலெர்மோ ஜனங்களுக்குச் சிரிக்கத் தெரிகிறது, ஒட்டத்தான் தெரியவில்லை என்று தமயந்தி முடிவு கட்டியிருந்தாள். காதில் மகள் ரேணு வாங்கித் தந்த மொழிபெயர்ப்புக் கம்மல். தமிழில் பேசினால் அது இத்தாலியத்தில் உரக்கச் சொல்லும்; அவர்கள் பேசுவதைத் தமிழில் காதுக்குள் ஓதும். "எல்லாம் நானே செட் பண்ணிட்டேம்மா. தனியா போறோம்னு பயப்படாத, நாலு பேரோட பழகு" என்று விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அனுப்பியிருந்தாள் ரேணு.

என்ன பழகி என்ன? ஒரு காபி குடிக்கலாமா என்று கேட்டால் போதும், யாரானாலும் நழுவிவிடுகிறார்கள்.

அன்று ரொட்டிக்கடைக்கார கார்மெலாவிடம், "உங்களோட கொஞ்சம் உக்காந்து பேசட்டுமா?" என்றாள். கம்மல் பேசியது. கார்மெலாவின் முகம் வாடிப்போனது.

பின்னால் நின்ற யாழ்ப்பாணத்துப் பெண் திடுக்கிட்டாள். "அன்ரி, நீங்கள் கேட்டது ஒண்டு, இது சொன்னது வேற. 'என்ர மனுசன் வெளியில நிக்கிறார், என்னோட கதைக்க வேண்டாம்' எண்டெல்லோ சொல்லுது!"

தமயந்தியின் கணவர் இறந்து பல வருடமாயிற்று.

"போன வாரம் இவங்க ரொம்ப நேரம் பேசினாங்களே? கடைக்கு லீவுன்னுதான் எனக்குக் கேட்டுச்சு."

அந்தப் பெண் கார்மெலாவிடம் விசாரித்துவிட்டுத் தயங்கினாள். "தன்ர மகளின்ர கலியாணத்துக்குக் கூப்பிட்டவவாம். உங்களுக்கும் உங்கட மனுசனுக்கும் ரெண்டு கதிரை போட்டு, கடைசிவரை பாத்துக்கொண்டிருந்தவவாம்."

தமயந்தி கம்மலைக் கழற்றக் கை வைத்தாள். வழக்கம்போல ரேணுவின் அழைப்பு வந்தது.

"பத்திரமா இருக்கியாம்மா? யாராச்சும் ஃப்ரெண்டு ஆனாங்களா?"