கேட்டது பத்து

“இந்த நெட்வொர்க் கார்டு, சிபியூவைக் கூப்பிடப் பதினாறு இன்டர்ரப்ட் கேட்குது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட மிச்சம் ஒண்ணுதான் இருந்தா?” அவன் எழுதிய நிரலைத் திரையில் சுட்டிக் கேட்டாள் டீம் லீடர்.

“கார்டு ஓடாது மேடம். கேட்டது கிடைக்கலைன்னா ரோஷமா ஒதுங்கிடும்.”

“ரோஷம் சோறு போடுமா? கிடைச்சதை வச்சுக் குடித்தனம் பண்ணத் தெரியணும். மாத்துங்க.”

முணுமுணுத்தபடி மாற்றினான். ஒற்றை இன்டர்ரப்டிலேயே கார்டு சமர்த்தாக ஓடியது.

“கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டேனே, மேடம்?”

“மேனேஜர் ஒரு நாள்தான்னுட்டார்.”

“ஒரு நாளா? பொண்ணு என்னைக் கொன்னே போட்டுடுவா!”

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். யாருமில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

“கொல்ல மாட்டேன். எனக்கும் அதே ஒரு நாள்தான் கொடுத்திருக்கார். கிடைச்சதை வச்சுக் குடித்தனத்தை ஆரம்பிப்போம்.”