இடித்தவள் பெயர்

"உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்தது?"

காலி மனையைப் பார்த்தபடியே கேட்டார் கலைச்செல்வன். ஓய்வுபெற்ற பேராசிரியர். இடிபட்ட பழைய வீடுகளின் வரலாற்றைத் தேடிப் புத்தகம் எழுதுகிறவர். வில்லியனூர் மாட வீதியில் சுப்பராயலு வீடு இருந்த இடத்தில் இப்போது செங்கல் தூளும் நாயுருவியும்தான்.

புவனேஸ்வரி மனை ஓரத்து ஷீட் வீட்டிலிருந்து டீ கொண்டுவந்து வைத்தாள். பரம்பரை வீட்டை இடித்த மருமகள் என்று தெருவே அவளைத் திட்டித் தீர்த்துவிட்டது. இவர் ஒருத்தர்தான் பாக்கி.

"பிரெஞ்சு துரைங்க வந்து சாப்பிட்ட வீடும்மா. கட்டினது பெரிய சுப்பராயலு. அப்புறம் அவர் மகன், பேரன்... எல்லார் பேரையும் தேடிப் பிடிச்சுட்டேன்."

"பொம்பளைங்க பேரு, சார்?"

"அது கிடைக்கல." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைசியா இடிச்சது யாருன்னும் எழுதுவேன். உங்க பேரைப் போட்டே. நாளைக்கு உங்க பேரப்பசங்க படிக்கட்டும்."

"எழுதுங்க. கூடவே எங்க மாமியாரு பேரையும் சேத்துக்குங்க. கலியம்மாள்."

"அவங்க எதுக்கு?"

"இடிக்கச் சொன்னதே அவங்கதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சமையக்கட்டுக்குப் பின்னால ஒரு ரூமு இருந்துச்சு சார். ஜன்னல் கெடையாது. தாலி அறுத்தவங்கள அதுலதான் வெப்பாங்க. எங்க மாமியாரு கைக்கொழந்தையோட உள்ள போனவங்க. நல்ல நாளுன்னா வெளித் தாழ்ப்பா போட்டுடுவாங்க, எதிர்ல வந்துடக் கூடாதுன்னு. நான் கல்யாணமாகி வலது காலு வெச்சு உள்ள வந்த அன்னிக்கும் தாழ்ப்பா போட்டுத்தான் இருந்துச்சு. பெத்த புள்ள கல்யாணத்த அந்தம்மா மேளச் சத்தமாத்தான் கேட்டாங்க."

புவனேஸ்வரி காலடியில் கிடந்த செங்கல் தூளைக் காலால் ஒதுக்கினாள்.

"பெரியவங்கல்லாம் போனப்புறம் வெளிய கூப்புட்டேன். பழகிப்போச்சுடின்னு வரவே இல்ல. சாவும்போதுதான் கையப் புடிச்சாங்க. இந்த ரூம இடிச்சுடு, இன்னொருத்தி இதுல உக்காரக் கூடாதுன்னாங்க."

கலைச்செல்வன் மறுபடியும் காலி மனையைப் பார்த்தார்.

"பாவம்தான். ஆனா அந்த ஒரு அறையை மட்டும் இடிச்சிருக்கலாமேம்மா. இவ்வளவு பெரிய வீட்டை ஏன்?"

"அத மட்டுந்தான் சார் இடிச்சோம். மீதி தானா சரிஞ்சு வுழுந்துடுச்சு."

அவள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"மொத்த வூடும் அந்த ரூமு சுவத்து மேலதான் நின்னுக்கினு இருந்துச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."