இமைக்கும் கோடு

மாசிலாமணி உருவாக்கிய இலவச இயங்குதளத்தைக் கணினியில் நிறுவ வருபவர் முதலில் காண்பது கறுப்புத் திரையும் இமைக்கும் ஒரு கோடும்தான். என்டரைத் தட்டினால் தொடங்கிவிடும். அதற்குமேல் ஒரு சொல்கூட மிகை என்பது அவன் பிடிவாதம். உடன் வேலை செய்யும் குழுவோடு ஓர் ஒப்பந்தம்: புதியவர் ஒருவர் யாரும் சொல்லித்தராமல் நிறுவிவிட்டால் திரை அப்படியே இருக்கும். சோதனையின்போது அவன் வாய் திறந்தால் குழு அதை மாற்றிவிடும்.

சோதனைக்கு வந்த பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா கறுப்புத் திரைமுன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டீ ஆறியது.

"இன்னும் யோசிக்குதா தம்பி?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"வந்தவங்கள வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடும்? நீயும் உன் பொட்டியும் ஒண்ணுதான்."

அக்கா எழுந்து வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினாள்.

"உட்காருங்கக்கா," என்றான் மாசிலாமணி.