பறந்துபோன விசில்

டிங்! இடுக்கியிலிருந்து துள்ளிய பித்தளை விசில் எங்கோ பறந்தது.

"ஐயோ, அசையாதே!" என்று அலறினார் கணவர்.

பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அப்படியே சிலையானாள்.

எட்டு மாதமாகத் தகடு வெட்டி, பற்றவைத்து, அவர் கையாலேயே செய்த முழ நீள நீராவி இன்ஜின். நாளைக்குக் கண்காட்சி. கடுகளவு விசில் இல்லாமல் ஊமையாக நின்றது.

"பதறாதீங்க. சோபாவை நகர்த்திப் பெருக்கிப் பாருங்க" என்றாள் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பெருக்கினார். குப்பையை டீ வடிகட்டியில் சலித்தார்.

"பீரோவுக்குப் பின்னால?"

அங்கேயும் பெருக்கினார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய், மீசையில் ஒட்டடையோடு திரும்பினார்.

"ஈரத்துணியால துடைச்சா ஒட்டிக்கிட்டு வரும்."

வீடு முழுக்கத் துடைத்தார். விசில் வரவில்லை, இடுப்புவலிதான் வந்தது.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மனைவி உள்ளங்கையை விரித்தாள். விசில் மின்னியது!

"எங்கடி கிடைச்சுது?" துள்ளிக் குதித்தார்.

"பறந்ததுமே என் மடியிலதான் விழுந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வீட்டைப் பெருக்குங்கன்னு ஒரு வாரமா கெஞ்சினேன், நீங்க அசைஞ்சீங்களா? போய்க் குளிங்க, எங்கம்மா வர்ற நேரமாச்சு!"